முழுப் பரீட்சை லீவும் ரேங்க் கார்டும்: ஓர் அம்மா போட்ட பத்து வருடக் கணக்கு

ஏப்ரல் பிறந்துவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இரண்டு பேச்சு ஒரே நேரத்தில் ஓடும். 'லீவுக்கு எங்கே போறோம்?' என்பது ஒன்று. 'அடுத்த வகுப்புக்கு டியூஷன் எப்போ ஆரம்பிக்குது?' என்பது இன்னொன்று. முதல் கேள்வியைப் பிள்ளைகள் கேட்பார்கள், இரண்டாவதைப் பெரியவர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் ஜெயிக்கும்.

விருதுநகரில் அது கொஞ்சம் கூடுதலாகவே ஜெயிக்கும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முதலிடத்தில் இருந்த மாவட்டம் அது. பருப்பு, மிளகாய், எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், சாம்பார் வருவதற்குள் 'உங்க பொண்ணு எவ்வளவு மார்க்?' என்ற கேள்வி வந்துவிடும்.

அந்த ஊரில் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளராக இருக்கிறார் அந்த அம்மா. கணவருக்குப் பருப்பு மண்டியில் கணக்கு எழுதும் வேலை. மூத்தவள் பிளஸ் டூவுக்குப் போகிறாள். இளையவன் எட்டாம் வகுப்புக்கு. "மார்க்கை எல்லாம் வெளிய சொல்லிட்டியேன்னு ரெண்டு பேரும் சண்டைக்கு வருவாங்க" என்பதால் பெயர் வேண்டாம் என்கிறார்.

இந்த ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்த வாரம், வீட்டில் ஒரு தகராறு. மே மாதம் எட்டு நாள் ஊருக்குப் போவதா, வேண்டாமா என்று. 'போன தடவை லீவைக் கட் பண்ணினதாலதான் மார்க் ஏறிச்சு' என்பது அப்பா கட்சி. 'அப்படி ஒண்ணும் இல்லை' என்பது மகள் கட்சி. இரண்டு பேரும் ஆதாரம் இல்லாமல் பேசுகிறார்கள் என்று தோன்றியது அம்மாவுக்கு. பீரோவின் கீழ்த்தட்டில் கிடந்த ரேங்க் கார்டுகளை எல்லாம் எடுத்தார். பழைய தினசரி காலண்டர்கள், போனில் கிடந்த புகைப்படங்களின் தேதிகள், லீவு லெட்டர் நகல்கள் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு பழைய லெட்ஜர் நோட்டில் இடது பக்கம் எந்த வருடம் எத்தனை நாள் ஊருக்குப் போனார்கள் என்றும், வலது பக்கம் அந்த வருட மார்க்கையும் எழுத ஆரம்பித்தார். மூத்தவளின் இரண்டாம் வகுப்பிலிருந்து தொடங்கிய கணக்கு. நடுவே கொரோனா வந்த இரண்டு வருடங்களுக்கு மட்டும் எழுத எதுவும் இல்லை. கோடு போட்டுவிட்டார்.

ஆச்சி வீட்டுக் கணக்கு

அந்த அம்மாவின் பிறந்த வீடு செங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவர் பிள்ளையாக இருந்தபோது முழுப் பரீட்சை கடைசித் தாளை எழுதிவிட்டு வந்தால், அடுத்த நாள் காலையில் புத்தகம் எல்லாம் பழைய பேப்பர் கடைக்கோ பக்கத்து வீட்டுப் பையனுக்கோ போய்விடும். அடுத்த வகுப்புப் புத்தகம் ஜூன் மாதம்தான் கண்ணில் படும். நடுவில் இருந்த நாட்களில் யாரும் எதுவும் படிக்கச் சொன்னதாக ஞாபகம் இல்லை. "நான் ஒண்ணும் பெரிய படிப்பாளி இல்லை. ஆனா பேங்க்ல ஒரு நாளும் கேஷ் ஷார்ட் ஆனதில்லை" என்று சிரிக்கிறார்.

தன் பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தார். முழுப் பரீட்சை லீவு விட்டதும் இரண்டு பேரையும் ரயிலேற்றி ஆச்சி வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி என்று ஸ்டேஷன் பெயர்களை இளையவன் எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் தமிழ் வாசிக்கப் பழகினான். ஆச்சி வீட்டில் வேலை உண்டு. விடியற்காலையில் மொட்டை மாடியில் கூழ் வத்தல் போட உதவ வேண்டும், பிறகு காக்காய் விரட்ட வேண்டும். மத்தியானம் தாயம். தாயம் ஆடும்போது ஆச்சி வேண்டுமென்றே காயை ஒரு கட்டம் தள்ளி வைப்பார். "ஏல, எண்ணிப் பாத்தியா?" என்று பேரனைக் கேட்பார். எண்ணாமல் விட்டால் ஆட்டம் போச்சு.

மாமரம் பின்கட்டில். அதற்கு இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு கிளையைச் சொந்தம் கொண்டாடியிருந்தார்கள்.

மூத்தவள் ஒன்பதாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வில் 500-க்கு 318 வாங்கினாள். அதற்கு முன்பு 400-க்குக் குறைந்ததில்லை. வீட்டில் புயல். பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில், 'பத்தாவது வருதும்மா, இனிமே லீவு எல்லாம் பாக்காதீங்க' என்றார்கள். 2024 மே மாதம் முதன்முறையாக ஆச்சி வீட்டுப் பயணம் ரத்தானது. டியூஷன் சென்டரில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் மே முதல் வாரமே தொடங்கியது. அக்கா போகாததால் தம்பியும் போகவில்லை. ஆச்சியிடம் போனில் சொன்னபோது, 'சரி, ஒரு வருஷம்தானே, படிக்கட்டும்' என்றார்.

அந்த நவம்பரில் ஆச்சி குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு, அறுவை சிகிச்சை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் தாய்மாமா கூட்டிக்கொண்டு போய்விட்டார். கிராமத்து வீட்டுக்குப் பூட்டு. சாவி பக்கத்து வீட்டில்.

ஒரு வருடம்தான் என்று தள்ளிப்போட்ட லீவு, போவதற்கு வீடே இல்லாத லீவாக மாறிவிட்டது. அரையாண்டுத் தேர்வு நேரம் என்பதால் மூத்தவள் ஆச்சியைப் பார்க்க மருத்துவமனைக்கும் போகவில்லை. "அவ அழலை. ஆனா ஒரு நாள் ராத்திரி, 'போன வருஷம் போயிருந்தா கடைசியா ஒரு தடவை அந்த வீட்டுல இருந்திருப்பேன்ல'ன்னு கேட்டா. எனக்கு பதில் வரலை" என்கிறார் அம்மா.

நோட்டு என்ன சொன்னது?

மூத்தவள் பத்தாம் வகுப்பில் 409 வாங்கினாள். 318-லிருந்து 409. அப்பாவின் வாதம் இதில்தான் நிற்கிறது. ஆனால், நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தபோது விஷயம் அவ்வளவு நேராக இல்லை. ஆச்சி வீட்டில் நாற்பது நாள் இருந்துவிட்டு வந்த வருடங்களில் மூத்தவள் 440-ம் வாங்கியிருக்கிறாள், 405-ம் வாங்கியிருக்கிறாள். 318 வாங்கிய வருடமும் நாற்பது நாள் இருந்துவிட்டு வந்த வருடம்தான். ஒரே அளவு லீவுக்கு மூன்று விதமான மார்க்.

ஒன்பதாம் வகுப்பு ஏன் சரிந்தது என்று இப்போது யோசித்தால் வேறு காரணங்கள் தெரிகின்றன. அந்த வருடம்தான் அவளுக்குத் தனி போன் கிடைத்தது. கணக்கு ஆசிரியர் நடுவில் மாறினார். வகுப்பில் நெருங்கிய தோழி வேறு பள்ளிக்குப் போனாள். மே மாத டியூஷனில் படித்த மூன்று பாடங்களையும் பள்ளியில் ஜூன், ஜூலையில் மறுபடி நடத்தினார்கள். 'தெரிஞ்சதுதானே' என்று வகுப்பில் கவனிக்கவில்லை என்பதை மகளே பிறகு ஒப்புக்கொண்டாள். மார்க் ஏறியது அரையாண்டுக்குப் பிறகு. பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பார்த்ததும், இரவு பத்தரைக்கு போன் ஹாலுக்கு வந்துவிட வேண்டும் என்ற விதியும்தான் அதற்குக் காரணம் என்று அம்மா நினைக்கிறார். அப்பா இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால், நோட்டு ஒரு இடத்தில் மட்டும் தெளிவாகப் பேசியது. அது கோடை லீவு இல்லை. பள்ளி நடக்கும் நாட்களில் போட்ட லீவு.

தென்காசிப் பக்கம் சொந்தம் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். குற்றாலத்தில் சீசன் களைகட்டுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஆரியங்காவு கணவாய் வழியாக மிச்சத்தைச் சாரலாக இந்தப் பக்கம் தள்ளும் மாதங்கள் அவை. பள்ளியில் புதுப் பாடங்கள் அஸ்திவாரம் போடும் மாதங்களும் அவைதான். 'அருவியில தண்ணி நல்லா விழுதாம்' என்று ஒரு வாட்ஸ்அப் வந்தால் போதும். வெள்ளிக்கிழமை ஒரு லீவு, திங்கள்கிழமை ஒரு லீவு.

போன ஜூலையில் இளையவனுக்கு அப்படித்தான் ஆனது. அருவிக் குளியலுக்கு இரண்டு நாள். ஆனி முகூர்த்தத்தில் தென்காசியில் ஒரு கல்யாணம், அதற்கு மூன்று நாள். திரும்பி வந்ததும் காய்ச்சல், நாலு நாள். மொத்தம் ஒன்பது நாள். ஏழாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடமே மைனஸ் எண்களைக் கூட்டுவது, கழிப்பது, பெருக்குவது. மைனஸும் மைனஸும் பெருக்கினால் ஏன் பிளஸ் வரும் என்று ஆசிரியர் நடத்திய நாட்களில் அவன் வகுப்பில் இல்லை. நோட்டை வாங்கி எழுதிக்கொண்டான். எழுதினானே தவிர, புரியவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பில் 87 வாங்கியவன், அந்தக் காலாண்டில் கணக்கில் 54. பின்னால் வந்த சமன்பாடு எல்லாம் அந்த முதல் பாடத்தின் மேல்தான் நிற்கிறது என்பதால் அரையாண்டிலும் எழவில்லை. மூத்தவள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் சரியானது.

மூத்தவளின் பழைய கார்டுகளிலும் இதே கதை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் ஏழு நாளுக்கு மேல் வராத வருடங்களில் காலாண்டு இறங்கியிருக்கிறது. "நாற்பது நாள் ஊருக்குப் போனப்போ ஒண்ணும் ஆகலை. ஒன்பது நாள் லீவு போட்டப்போ ஆச்சு. ரெண்டு பிள்ளைங்க கணக்கை வெச்சு ஊருக்கே பேச முடியாதுதான். ஆனா எங்க வீட்டுக்கு இது போதும்" என்கிறார் காசாளர் அம்மா.

காரணம் எளிமையானது. கோடை லீவில் யாருக்கும் வகுப்பு இல்லை. எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். நடுவில் போடும் லீவில் வகுப்பு நகர்ந்துவிடும், ஒரு பிள்ளை மட்டும் நிற்கும். இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (2009) ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 வேலை நாட்கள் என்று வகுத்திருக்கிறது. சி.பி.எஸ்.இ பொதுத்தேர்வு எழுத 75 சதவிகித வருகை வேண்டும். நம் வீடுகளில் இந்த எண்களை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 'ஒரு நாள்தானே' என்பது ஒன்பது நாளாக ஆவது அப்படித்தான்.

இங்கிலாந்தில் இதற்கு அபராதமே உண்டு. பள்ளி நாட்களில் அனுமதி இல்லாமல் பிள்ளையைச் சுற்றுலாவுக்கு அழைத்துப்போனால் ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு 80 பவுண்டு. 21 நாட்களுக்குள் கட்டாவிட்டால் அது 160 ஆகும். 2015 ஏப்ரலில் மகளை அமெரிக்காவில் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப்போன ஐல் ஆஃப் வைட் தீவுத் தந்தை ஒருவர், அபராதம் கட்ட மாட்டேன் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மகளின் வருகைப் பதிவு 90 சதவிகிதத்துக்கு மேல் இருக்கிறது என்பது அவர் வாதம். 2017 ஏப்ரலில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. 'ஒழுங்காகப் பள்ளிக்கு வருவது' என்றால் பள்ளியின் விதிப்படி வருவது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் அபராதம் வேண்டாம்தான். அத்தை மகள் கல்யாணத்துக்கு அபராதம் கட்ட யாரால் முடியும்?

மே மாத மறதி

அப்படியானால் கோடை லீவில் படித்தது மறக்காதா? மறக்கும். 1996-ல் அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் சக ஆய்வாளர்களும் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கோடை விடுமுறைக்குப் பிறகு பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பின் அளவுக்குப் பின்தங்குகிறார்கள் என்று கணக்கிட்டார்கள். வாசிப்பைவிடக் கணக்கில் இழப்பு அதிகம். மனக்கணக்கு, வாய்ப்பாடு, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவது போன்ற பழக்கத்தால் வரும் விஷயங்கள்தான் முதலில் நழுவும். பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர், எந்தத் தேர்வை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த இழப்பு மாறுகிறது, அவ்வளவு பெரிதாகப் பயப்பட வேண்டாம் என்கிறார்கள். அமெரிக்காவில் கோடை விடுமுறை நம்மைவிட நீளம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

உண்மையான பெரிய மறதி எப்படி இருக்கும் என்பதைக் கொரோனா காட்டியது. 2021 ஜனவரியில் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை ஐந்து மாநிலங்களில் 16,067 பிள்ளைகளைப் பார்த்தது. 92 சதவிகிதம் பேர் முந்தைய வருடம் தெரிந்திருந்த ஏதாவது ஒரு மொழித்திறனையும், 82 சதவிகிதம் பேர் ஒரு கணக்குத்திறனையும் இழந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ல்தான். ஒன்றரை வருடத்துக்கும் மேலான அந்த இடைவெளியையும், ஒரு மே மாதத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சரியில்லை.

இந்த அம்மா வீட்டில் இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு சின்னது. லீவில் காலையில் இருபது நிமிடம். இளையவன் கணக்கில் பத்து மட்டும் போடுவான், அதுவும் முடிந்த வருடத்துப் பாடத்திலிருந்து. அடுத்த வகுப்புப் புத்தகத்தைத் தொடுவதில்லை. பிறகு ஏதாவது ஒன்றைச் சத்தமாக வாசிக்க வேண்டும். பேப்பரோ, கதைப் புத்தகமோ, ஆச்சியின் மருந்துச் சீட்டோ எதுவானாலும் சரி. பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பு தூங்கும் நேரத்தைப் பழையபடி இழுத்து வைக்க வேண்டும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் அளவு. மே மாதம் நள்ளிரவு வரை கிரிக்கெட் பார்த்த பையனை ஜூனில் திடீரென்று ஆறு மணிக்கு எழுப்பினால், முதல் பீரியடில் அவன் உடம்புதான் வகுப்பில் இருக்கும். 2023-லும் 2024-லும் வெயிலால் பள்ளி திறப்பு தள்ளிப்போனபோது, 'இன்னும் கொஞ்ச நாள் தூங்கலாம்' என்று இளையவன் குதித்ததை நினைத்துச் சிரிக்கிறார்.

லீவு என்றாலே செலவு என்று நினைக்கும் வீடுகளும் உண்டு. வங்கியில் துப்புரவு வேலை பார்க்கும் பெண்மணிக்கு மே மாதம் என்றால் சத்துணவும் காலை உணவும் இல்லாத மாதம். இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டில் இரண்டு வேளை கூடுதலாகச் சமைக்க வேண்டும். 'எங்கே போகப்போறீங்க' என்று அவரிடம் யாரும் கேட்பதும் இல்லை. மார்க்கையும் பயணத்தையும் முடிச்சுப் போட்டுக் கவலைப்படுவதே ஒரு வசதிதான் என்பது அவரைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும் என்கிறார் காசாளர்.

'90 எடுத்தா மலை ரயில்'

போன வருடக் கதை வேறு மாதிரி. பத்தாம் வகுப்பு எழுதி முடித்த அக்காவுக்கும் ஆச்சியைப் பார்க்க ஆசை. கோயம்புத்தூருக்கு நாலு நாள் என்று முடிவானது. அப்பா இளையவனுக்கு ஒரு நிபந்தனை வைத்தார். முழு ஆண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் 90 எடுத்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயில். இல்லாவிட்டால் மாமா வீட்டில் டி.வி.

இந்த நிபந்தனையை உடைத்தது அம்மா இல்லை, ரயில்வே. 2024 நவம்பர் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. மே முதல் வாரப் பயணத்துக்கு மார்ச் முதல் வாரத்தில் டிக்கெட் எடுக்க வேண்டும். மலை ரயில் டிக்கெட்டோ குதிரைக் கொம்பு. முழு ஆண்டுத் தேர்வு ஏப்ரலில், மார்க் வருவது அதற்கும் பிறகு. மார்க் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கலாம் என்றால் டிக்கெட் இருக்காது. டிக்கெட் எடுத்துவிட்டு மார்க் குறைந்தால் மகனை வீட்டில் விட்டுவிட்டா போக முடியும்? கணக்கு எழுதும் மனிதர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, பேசாமல் டிக்கெட் போட்டார். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் காரில் போவதென்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது 2024 மே மாதத்திலிருந்து நடைமுறை. ரயிலில் போனால் அந்தத் தொல்லையும் இல்லை என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

இளையவன் வாங்கியது 78-லிருந்து 91 வரை. மலை ரயிலில் போனான்.

46 கிலோமீட்டர் தூரத்தை ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பாதை. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல்லுப் பல்லாக ஒரு இரும்புப் பட்டை வரும். என்ஜினின் பல் சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் குன்னூர் வரை ஏறும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அதைப் பார்த்துவிட்டு, 'அது இல்லைன்னா வழுக்கிடுமா?' என்று கேட்டான் இளையவன். உராய்வு, சரிவு என்று அக்கா ஏதோ சொல்லிக்கொடுத்தாள். 16 சுரங்கங்களையும் விரல் விட்டு எண்ணினான். அம்மாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. 'இதை வீட்டுக்குப் போய் பத்து வரியில எழுதுடா' என்றார். மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். "ம்மா, இதுக்கும் ஹோம்வொர்க்கா?"

எழுதச் சொல்வதை அம்மா அதோடு விட்டுவிட்டார். இப்போதெல்லாம் 'கல்விச் சுற்றுலா' என்ற பெயரில், பார்த்த இடத்தை எல்லாம் பரீட்சையாக்கும் பழக்கம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம். கேட்காவிட்டால் மலையைப் பார்த்துக்கொண்டு வரட்டும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அந்த நாலு நாட்களில் மூத்தவளுக்குப் பத்தாம் வகுப்பு முடிவு இன்னும் வந்திருக்கவில்லை. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வாக்கரைப் பிடித்து நடந்துகொண்டிருந்த ஆச்சி மார்க்கைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ஏளா, பின்கட்டு மரத்துல இந்த வருஷம் காய்ச்சிருக்கா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது, யார் போய்ப் பார்த்தார்கள்?

எட்டு நாள்

ஜனவரித் தகராறு அதற்குத்தான். மாமா இந்த மே மாதம் ஆச்சியைக் காரில் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். வீட்டைத் திறந்து, சுத்தம் செய்து, எட்டு நாள் எல்லோரும் இருப்பது என்று திட்டம். ஆச்சிக்கு இப்போது கைத்தடி போதும். ஆனால், அடுத்த வருடமும் அவரால் அந்தப் படியேற முடியுமா என்பதற்கு மாமாவும் உத்தரவாதம் தரவில்லை.

மூத்தவளுக்கு பிளஸ் டூ. டியூஷன் சென்டரில் மே 4-ம் தேதி வகுப்பு தொடங்குகிறது. கோடை விடுமுறையில் பள்ளிகள் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை வருடா வருடம் அறிவுறுத்துகிறது. டியூஷன் சென்டருக்கு அந்தக் கவலை இல்லை. "நாலு நாள் போதும், பிசிக்ஸ் முதல் பாடம் போயிடும்" என்றார் அப்பா. அவர் பயத்திலும் நியாயம் உண்டு. மண்டி முதலாளியின் மகன் போன வருடம் ஒரே ஒரு கட்-ஆஃப் மார்க்கில் விரும்பிய கல்லூரியைத் தவறவிட்டதைக் கூடவே இருந்து பார்த்தவர் அவர்.

அம்மா நோட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மண்டிக் கணக்கைச் சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஒரு இடத்தில் கூட்டல் தப்பு என்று கண்டுபிடித்துத் திருத்தினார். பிறகு, 'ஜூன், ஜூலையில ஒரு நாள்கூட லீவு போடக் கூடாது. கல்யாணம்னாலும் நீயும் நானும் மட்டும் போறோம். சரியா?' என்றார். 'சரிப்பா' என்று மூத்தவள் சொல்வதற்குள், 'அருவிக்கும் கிடையாதா?' என்று இளையவன் கேட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டு ராத்திரி திரும்பினால் உண்டு என்று தீர்ப்பானது.

டியூஷன் ஆசிரியரிடம் அம்மாவே போனில் பேசினார். மே 12-ல் வருவாள் என்றார். "எல்லாரும் இதையேதான் மேடம் சொல்றாங்க" என்று அலுத்துக்கொண்டவர், முதல் பாடத்தின் நோட்ஸை அனுப்புவதாகச் சொன்னார்.

வங்கியில் லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டில் சாவி பத்திரமாக இருக்கிறது. கிணற்றுக் கயிறு இற்றுப்போய்விட்டது, புதிதாக வாங்கி வர வேண்டும் என்று தகவல் வந்தது. மரம் இந்த வருடம் காய்த்திருக்கிறதாம், மூத்தவளின் கிளையில்தான் அதிகமாம். போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஆச்சி கூப்பிட்டார். கூழ் வத்தலுக்கு அரிசி ஊறப்போடுவது யார், மாடிக்கு மாவைத் தூக்கிக்கொண்டு போவது யார் என்று ஒவ்வொரு வேலைக்கும் பேர் சொல்லிப் பிரித்துக்கொடுத்தார். காக்காய் விரட்டும் வேலை இளையவனுக்கு. தனக்கு மீசை முளைக்கிற வயது, அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். ஆச்சி போனை வைத்துவிட்டார்.